ஜியு-ஜிட்சு பழகினவங்களுக்கு சர்ஃபிங் சீக்கிரம் வருமா?

அஸ்தம்பட்டி_வாசி:
வணக்கம். சேலத்துல ஜியு-ஜிட்சு (தரையில கட்டிப் புரண்டு மோதற தற்காப்புக் கலை) பழகிட்டு இருக்கேன், இன்னும் ஆரம்பநிலை ஒயிட் பெல்ட்தான். பொங்கல் முடிஞ்சதும் சென்னைக்குப் பக்கத்துல இருக்கிற கோவளம் போய் சர்ஃபிங் கத்துக்கலாம்னு கூடப் பழகுற பொண்ணுங்களோட பேசி வெச்சிருக்கேன். பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் ரிக்சன் கிரேசி உட்பட நிறைய பேர் ரெண்டையும் செய்யறவங்கன்னு கோச் சொல்றார். நிஜமாவே ஒண்ணு இன்னொண்ணுக்கு உதவுதா, இல்ல ரெண்டும் பிரேசில்ல ரியோவுல ஒரே கடற்கரைப் பக்கம் வளர்ந்ததால வந்த பழக்கமா? நீச்சல் கிணத்துல கத்துக்கிட்டது. அலையில இறங்கினதே இல்ல.

மேட்டூர்_தண்ணி:
கண்டிப்பா உதவும்ங்க. மேட்ல தரையில இருந்து எழுந்திரிக்கிற டெக்னிகல் ஸ்டாண்ட்-அப் தெரிஞ்சா, சர்ஃப் போர்டு மேல எழுந்து நிக்கிற பாப்-அப் பாதி வந்த மாதிரிதான். பேலன்ஸ் ஏற்கனவே இருக்கும். தைரியமா போங்க.

சேர்வராயன்_அக்கா:
மேட்டூர் தம்பி, அந்த ஸ்டாண்ட்-அப் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். நான் ஏற்காட்டுக்காரி. சென்னையில வேலை பார்த்த வருஷங்கள்ல விடியக்காலையில கோவளம், சாயங்காலம் ஜியு-ஜிட்சு மேட்னு ரெண்டும் சேர்ந்தேதான் ஓடுச்சு.

டெக்னிகல் ஸ்டாண்ட்-அப்ல ஒரு கையை ஊனி, இடுப்பைத் தூக்கி, ஒரு காலைப் பின்னால இழுத்து எழுந்திரிப்போம். எதிராளி மேல கண்ணு இருக்கணும், அவசரம் கிடையாது. பாப்-அப்ல ரெண்டு உள்ளங்கையும் விலாவுக்குப் பக்கத்துல போர்டு மேல, ஒரே தள்ளுல ரெண்டு காலும் அடியில வந்துடணும். முட்டி போட்டு எழுந்திரிக்கிற பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் போக்கறது கஷ்டம். தங்கச்சி, இதை வீட்டுத் தரையில தனியா பழகிட்டுப் போம்மா.

முதுகும் அப்படித்தான். மேட்ல நாம சுருண்டே கிடக்கிறோம், தாடை நெஞ்சோட ஒட்டியிருக்கும். போர்டுல குப்புறப் படுத்து கையால தண்ணியைத் தள்ளி பேடில் பண்றப்ப நெஞ்சு நிமிர்ந்து, கழுத்து தூக்கியே இருக்கணும். மொத நாள் வலி எல்லாம் கழுத்துலயும் தோள்பட்டைக்குப் பின்னாலயும்தான். இப்பவே தினமும் புஜங்காசனம் போட ஆரம்பி.

அப்ப எதுதான் உதவும்? தண்ணிக்குள்ள போனப்புறம் உதவும். உன்னைவிட இருபது கிலோ கூட இருக்கிறவங்க மவுண்ட்ல, அதாவது உன் மேல ஏறி உக்காந்திருக்கிறப்ப என்ன பண்றே? உதைச்சா மூச்சுதான் போகும்னு தெரியும். உடம்பைத் தளர விட்டு, இடம் கிடைக்கிற நொடிக்குக் காத்திருப்பே. அலை புரட்டறப்பவும் அதே வேலைதான். ஒருமுறை கோவளத்துல நல்லா மாட்டினேன். மேல எது, கீழ எதுன்னு தெரியல, காதெல்லாம் மணல். கணுக்கால்ல லீஷ், அதான் போர்டோட கட்டியிருக்கிற கயிறு, மட்டும் ஒரு பக்கமா இழுத்துட்டே இருந்துச்சு. போர்டு மிதக்கும், அதனால அது இழுக்கிற பக்கம்தான் மேல. அதைக் கவனிக்கிற அளவுக்கு மனசு நிதானமா இருந்ததுக்குக் காரணம் மேட்ல நசுங்கின நாட்கள்தான். இதை நான் முழுசா நம்பறேன்.

ஆனா மேட்ல போதும்னு கையால தட்டி டேப் பண்ணா விட்டுடுவாங்க, கடல் விடாது. அதனால கரைக்குப் பக்கத்துல, வெள்ளை நுரை அலையில, ஃபோம் போர்டுல, கத்துக்கொடுக்கிறவர் பக்கத்துலயே இரு. விழறப்ப தலைகீழா குதிக்காதே, தட்டையா விழு. அடியில மணல் திட்டு எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு தெரியாது. மேல வர்றப்ப கை தலைக்கு மேல இருக்கட்டும், போர்டு வந்து மண்டையில இடிக்கும். கிணத்து நீச்சல் மூச்சடக்கவும் மிதக்கவும் போதும், நீரோட்டத்தைச் சமாளிக்கப் போதாது. அதையும் அங்க முதல்லயே சொல்லிடு.

ரியோ பத்தி நீ கேட்டதுலயும் விஷயம் இருக்கு. கிரேசி குடும்பம் ரியோவுலதான் ஜியு-ஜிட்சு சொல்லிக் கொடுத்துச்சு. அங்க கோபகபானா, இபனேமா கடற்கரைகளுக்கு நடுவுல ஆர்போவடோர்னு அலை நல்லா எழும்பற இடம் இருக்கு. ஆனா ஊர் மட்டுமே காரணம்னா கலிஃபோர்னியாக்காரர் ஜோயல் டியூடர் இதுல வரமாட்டாரே! 1998, 2004-ல லாங்போர்டு உலக சாம்பியன், ஜியு-ஜிட்சுல பிளாக் பெல்ட். நாம மேட்ல போடற, உடம்போட ஒட்டின ரேஷ் கார்டு சட்டையே சர்ஃபர்கள்கிட்ட இருந்து வந்ததுதான். உன்கிட்ட இருக்கிறதையே எடுத்துட்டுப் போ, புதுசு வாங்காதே.

அஸ்தம்பட்டி_வாசி:
ரொம்ப நன்றிக்கா. கிளம்பறதுக்கு முந்தின நாள் வரைக்கும் மேட்ல ரோலிங் (பயிற்சிச் சண்டை) பண்ணலாமா? கோவளத்துக்கு பஸ்ல எப்படிப் போறது?

சேர்வராயன்_அக்கா:
ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடு. முழங்கையில மேட் உரசின புண்ணு இருந்தா உப்புத்தண்ணி பட்டு உயிர் போகும். படர்தாமரை இருந்தா ஆறின பிறகு போங்க, அங்க கொடுக்கிற ரேஷ் கார்டெல்லாம் பல பேர் மாத்தி மாத்திப் போடறது, மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும்.

புது பஸ் ஸ்டாண்டுல ராத்திரி சென்னை வண்டி ஏறி கிளாம்பாக்கத்துல இறங்குங்க. அங்கிருந்து வண்டலூர் - கேளம்பாக்கம் ரோடு வழியா கோவளம், சிட்டிக்குள்ள போகவே வேண்டாம். தை மாசம் சரியான நேரம், ஐப்பசி கார்த்திகைன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். மதியத்துக்கு மேல கடல் காத்து எழும்பி அலையைக் கலைச்சுடும், காலை வகுப்புக்கே பேர் கொடுங்க.