80 பிள்ளைகளோடு எழும்பூர் அருங்காட்சியகம்: எதைக் கவனிக்கணும்?

கேள்வி: வரும் வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 80 பேரை, ரெண்டு பஸ்ஸில், வேளச்சேரியிலிருந்து கூட்டிட்டுப் போறோம். ஆலோசனை சொல்லுங்க.

பதில் 1: மேடம், முதலில் கிழமையை மாத்துங்க. அங்கே வெள்ளி விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு மாத்தலாம்னா, அதற்குச் செவ்வாய் விடுமுறை.

பதில் 2: 80 பேரையும் சேர்த்து வெண்கலக் கூடத்துக்குள் விடாதீங்க, பின்னால் நிற்கிற பிள்ளைக்கு எதுவும் தெரியாது. 20 பேராகப் பிரிச்சு, ஒரு குழு வெண்கலம், ஒண்ணு அமராவதிச் சிற்பங்கள், ஒண்ணு திமிங்கில எலும்புக்கூடு, ஒண்ணு மரத்தடியில் ஓய்வு. 40 நிமிஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க. பலகையில் இருப்பதை நகலெடுக்கச் சொன்னா சிலையைப் பார்க்கவே மாட்டாங்க. நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகன் கையில் என்ன இருக்குன்னு பார்த்து, பென்சிலால் வரையச் சொல்லுங்க. அந்த ஒரு படத்துக்காகக் குனிஞ்சு உத்துப் பார்ப்பாங்க.

பதில் 3: திரும்பும்போதுதான் எண்ணிக்கை தப்பும், தோழியோடு உட்கார பஸ் மாறிடுவாங்க. பஸ்ஸுக்குத் தனிப் பட்டியல் வேணும். எல்லாரும் உட்கார்ந்த பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுங்க, தலையை மட்டும் எண்ணாதீங்க. மதியத்துக்குப் புளிசாதம் நல்லது, தயிர்சாதம் வெயிலில் புளிச்சிடும்.