காசிமேடு மீன் ஏலம்: சிதறல் படத்தில் கோடு போட்டும் விலைக் கணிப்பு தவறுகிறது, உதவுங்கள்

தண்டையார்பேட்டை மாணவி

வணக்கம். என் அம்மா சென்னை காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் சங்கரா மீன் எடுத்து எங்கள் பக்கத் தெருக்களில் விற்கிறார். ஏலத்துக்கான பணத்தை முந்தின மாலையே தண்டலுக்கு, அதாவது வட்டிக் கடனாக, வாங்கிவிட வேண்டும். கூடுதலாக வாங்கினால் சும்மா கிடந்த பணத்துக்கும் வட்டி. குறைவாக வாங்கினால் வெறும் அன்னக்கூடையோடு திரும்ப வேண்டியதுதான். போன மாதம் இரண்டு முறை அப்படித் திரும்பினார். அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கணக்கில் இறங்கினேன்.

மறுநாள் எத்தனை விசைப்படகுகள் கரைக்கு வரும் என்பது முந்தின மாலையே ஓரளவு தெரிந்துவிடும். படகு கூடினால் விலை இறங்கும் என்று அம்மா சொல்வார். ஒன்பது நாள் குறித்து வைத்தேன். படகுகளின் எண்ணிக்கையும் ஒரு கூடைக்கான விலையும்:

10 – 2,850 ரூபாய்
15 – 2,550
20 – 2,400
25 – 2,250
30 – 1,950
35 – 1,800
40 – 2,800
45 – 2,550
50 – 2,450

எக்செலில் ஒவ்வொரு நாளையும் ஒரு புள்ளியாக வைத்துச் சிதறல் விளக்கப்படம் போட்டுக் கோடு பொருத்தினேன். விலை = 2,525 – 4.17 × படகுகள் என்று வந்தது. இதன்படி ஒரு படகு கூடினால் நான்கு ரூபாய்தான் குறையும். 35 படகுகள் வரும் நாளில் 2,379 ரூபாய் என்கிறது. அன்று நிஜ விலை 1,800. எங்கே தப்பு செய்தேன்?

எண்ணூர் வாசகர்

கடைசி மூன்று புள்ளிகளும் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றை நீக்கிவிட்டுப் போடுங்கள், கோடு நன்றாகப் பொருந்தும்.

வியாசர்பாடி கணக்கு ஆசிரியர்

நீக்காதீர்கள் அம்மா. பொருந்தவில்லை என்பது ஒரு புள்ளியைத் தூக்கி எறியக் காரணம் ஆகாது. தவறாக எழுதியிருந்தால் திருத்தலாம். சரியாக எழுதியிருந்தால், அந்த நாள் ஏன் அப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். அந்த மூன்றும் என்ன கிழமைகள்?

தண்டையார்பேட்டை மாணவி

ஐயா, இப்போதுதான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றும் ஞாயிறு!

வியாசர்பாடி கணக்கு ஆசிரியர்

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஞாயிறு சந்தையை நம்பிப் படகுகளும் கூடுதலாக வருகின்றன, வாங்குவோர் கூட்டமும் கூடுகிறது. படகு கூடியும் விலை ஏறியதற்குக் காரணம் அந்தக் கூட்டம். நீங்கள் இரண்டு வேறு சந்தைகளை ஒரே கோட்டில் கட்டிவிட்டீர்கள்.

மீச்சிறு வர்க்க முறையில் (விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி கோடு போடும் முறை; எக்செல் போடுவதும் இதுதான்) வரும் கோடு எப்போதும் இரண்டு சராசரிகளும் சந்திக்கும் இடத்தின் வழியாகப் போகும். உங்கள் படகுகளின் சராசரி 30, விலையின் சராசரி 2,400. அந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆறு புள்ளிகள் இடப்பக்கம் சரிந்து இறங்குகின்றன, மூன்று வலப்பக்கம் மேலே இருந்து சரிகின்றன, கோடு நடுவில் காலி இடத்தில் போகிறது. 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். நான்குக்கும் கிட்டத்தட்ட ஒரே சராசரி, ஒரே கோடு. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். என் வகுப்பில் கோட்டுக்கு முன்னால் இதைத்தான் நடத்துகிறேன்.

ஞாயிறை வேறு நிறத்தில் குறித்து, மற்ற ஆறு நாளுக்கும் தனிக் கோடு போடுங்கள்.

தண்டையார்பேட்டை மாணவி

போட்டேன் ஐயா. விலை = 3,226 – 41 × படகுகள். ஆறு புள்ளிகளும் கோட்டை ஒட்டியே நிற்கின்றன; எந்த நாளும் 60 ரூபாய்க்கு மேல் விலகவில்லை. ஒட்டுறவுக் கெழு (புள்ளிகள் கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்று காட்டும் எண்; –1 அல்லது 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை) –0.99. முன்பு எல்லாவற்றையும் சேர்த்தபோது –0.16தான்.

ஞாயிறுக்கும் கோடு போட்டேன், சாய்வு –35 வருகிறது, அதாவது ஒரு படகு கூடினால் 35 ரூபாய் குறையும். இதை வைத்து, விசைப்படகே வராத ஏப்ரல் மாதக் கடைசிக்கும் கணக்கிடலாமா? படகு 0 என்று போட்டால் 3,226 ரூபாய் வருகிறது.

வியாசர்பாடி கணக்கு ஆசிரியர்

மூன்று புள்ளிக் கோட்டில் பணத்தை வைக்காதீர்கள். இன்னும் ஏழெட்டு ஞாயிறு எழுதுங்கள். சாதாரண நாள் கோடும் 10 முதல் 35 படகுகள் வரைதான் நீங்கள் கண்ணால் பார்த்தது. அதற்கு வெளியே நீட்டுவது வேறு வேலை. 79 படகுகள் வந்தால் உங்கள் கோடு சுழியத்துக்கும் கீழே போகும்; யாராவது காசும் கொடுத்து மீனும் கொடுப்பார்களா?

காசிமேடு படகுத் தொழிலாளி

தங்கச்சி, ஏப்ரல் கணக்கை விட்டுவிடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஆனால் மீன் வராமல் இருக்காது. ஃபைபர் படகுகள் கொஞ்சம் கொண்டுவரும், கேரளாவிலிருந்து லாரியில் வரும். அங்கே தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும். ஆகவே அந்த நாட்களில் விலையை முடிவு செய்வது நீ எண்ணும் படகு இல்லை, லாரி. புரட்டாசியில் பலர் மீன் சாப்பிட மாட்டார்கள், அப்போது உன் கோடு முழுவதும் கீழே இறங்கும். இன்னொன்று: படகை மட்டும் எண்ணாதே. வந்த படகில் சங்கரா எத்தனை கூடை என்று கேட்டு எழுது. முப்பது படகும் கானாங்கெளுத்தியோடு வரும் நாளும் உண்டு.

தண்டையார்பேட்டை மாணவி

அண்ணா, ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. வியாழக்கிழமைக்கு 28 படகுகள் என்று சொன்னார்கள். கோட்டின்படி கூடைக்கு சுமார் 2,080 ரூபாய். அம்மாவுக்கு இரண்டு கூடை வேண்டும். கூடைக்கு 60 ரூபாய் விலகலையும் சேர்த்து 4,300 ரூபாய் தண்டல் வாங்கினோம். ஏலம் 2,100இல் நின்றது. மீதி 100 ரூபாய் ஐஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் சரியாக இருந்தது.

ஒரு நாள் சரியாக வந்ததை வைத்து நம்பிவிட மாட்டேன். நோட்டில் கிழமை, சங்கராக் கூடை என்று இரண்டு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறேன். கூடைக் கணக்கை அம்மாவே ஏலக்காரரிடம் கேட்டுவந்து எனக்குச் சொல்கிறார்.