குளிர்காலத்தில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவில்லையா? ஹீட்டரைப் பிரிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கனடாவின் ஒன்டாரியோவுக்கு வந்து, பழைய கார் ஒன்றை வாங்கி, முதல் குளிர்காலத்தைப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிசம்பர் பிறந்தால் போதும், ஒரே கேள்வி விதவிதமாக வரும்: "அண்ணா, ஹீட்டர்ல சூடே வரல, மெக்கானிக் ஹீட்டர் கோர் போயிடுச்சுன்னு சொல்றார், மாத்திடலாமா?" உடனே சரி சொல்லிவிடாதீர்கள். ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் சின்ன ரேடியேட்டர். அதை எடுக்கப் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், கூலி அதற்கேற்ப ஏறும். அதைவிட மிகச் சின்னதும் விலை குறைந்ததுமான தெர்மோஸ்டாட் என்ற பாகம்தான் பல நேரங்களில் கோளாறு. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா என்பதைத்தான்.

நம்மூரில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு எஞ்சின் சூடாகிவிடுமோ என்ற பயம் மட்டும்தான் இருக்கும். முள் கீழேயே கிடந்தால் "வண்டி கூலா ஓடுது, நல்லது" என்று நிம்மதியாகிவிடுவோம். பழைய வண்டிகளில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கமும் நம் பக்கம் உண்டு, ஊரிலிருக்கும் அப்பாவிடமோ மாமாவிடமோ போனில் கேட்டால் இன்றைக்கும் அந்த யோசனை வரலாம். தயவுசெய்து இங்கே அதைச் செய்யாதீர்கள். மைனஸ் 20 டிகிரியில் முள் கீழே இருப்பது நல்ல செய்தியே இல்லை.

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது? எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு வகை மெழுகு இருக்கும். சூடு ஏறினால் அது விரிந்து கதவைத் திறக்கும், ஆறினால் ஒரு ஸ்பிரிங் அதை மூடிவிடும். பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்க ஆரம்பிக்கும். அதுவரை கூலன்ட் (எஞ்சினின் சூட்டை எடுத்துச் செல்லும் திரவம்) ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினையும் ஹீட்டரையும் மட்டும் சுற்றிவரும், அதனால்தான் சீக்கிரம் சூடு வருகிறது. இந்தக் கதவு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், காலையில் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும். சென்னையில் இப்படி ஆனால் பலருக்குத் தெரியவே தெரியாது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஜனவரி மாதம் நன்றாகத் தெரியும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி எதுவும் இல்லாமலே, ஓட்டும்போது கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். 401 ஹைவேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் இறங்குகிறது, ஹீட்டர் காற்று வெதுவெதுப்பாகிவிடுகிறது, ஆனால் எக்ஸிட் எடுத்து சிக்னலில் நின்றதும் முள் மெல்ல ஏறி ஹீட்டரிலும் சூடு வருகிறது என்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது என்றே பெரும்பாலும் சொல்லிவிடலாம். வேகமாகப் போகும்போது ரேடியேட்டரில் அடிக்கும் குளிர்காற்றை எஞ்சினால் ஈடுகட்ட முடியவில்லை என்று அர்த்தம். இதற்கு நேர்மாறாக, சிக்னலில் நிற்கும்போது ஹீட்டரில் குளிர்காற்று, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சூடு என்றால் கூலன்ட் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது, சில நேரம் வாட்டர் பம்ப் பலவீனமாக இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே தேவையில்லாத செலவு எவ்வளவோ மிச்சம்.

முள் நடுவில் சரியாக நிற்கிறது, ஆனாலும் காற்று எப்போதும் குளிர்கிறது, கூலன்ட் அளவும் சரி என்றால் எஞ்சின் சூடாவதில் கோளாறு இல்லை. ஹீட்டர் கோர் அடைத்திருக்கலாம், அல்லது சூட்டுக் காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் கதவை ஓட்டும் சின்ன மோட்டார் போயிருக்கலாம். ஓட்டுநர் பக்கம் சூடு, பக்கத்து சீட்டில் குளிர், டேஷ்போர்டுக்குள்ளே டிக் டிக் என்று சத்தம் என்றால் பெரும்பாலும் அந்த மோட்டார்தான். இன்னொன்றும் உண்டு: முள் அடியில் கிடக்கிறது, ஆனால் ஹீட்டரில் கை வைக்க முடியாத சூடு. அப்படியென்றால் எஞ்சின் சரியாகத்தான் இருக்கிறது, வெப்பத்தை அளக்கும் சென்சாரோ அதன் வயரோ பொய் சொல்கிறது.

அடுத்து கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் செய்ய வேண்டும். பானெட்டைத் திறந்தால் எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் தெரியும். (சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ்ப்பக்க ஹோஸில் இருக்கும், அதில் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகத் தெரியாது. உங்கள் மாடலில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கையும் கழுத்தில் சுற்றிய மஃப்ளரும் போகாமல், அந்த ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் பல நிமிடங்கள் சில்லென்றே இருக்கும், முள் நடுவை நெருங்கிய பிறகுதான் ஒரேயடியாகச் சூடு பாயும். திறந்து சிக்கியதென்றால் எஞ்சின் சூடாகும்போதே ஹோஸும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வரும். ஒருமுறை இந்த வித்தியாசத்தைக் கையால் உணர்ந்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் எதைத் தொடுவதற்கு முன்பும் கூலன்ட் அளவைப் பாருங்கள், அதுவும் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தோடு கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். தனியாக ரேடியேட்டர் மூடி இருக்கும் வண்டிகளில் பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவில் அளவு சரியாக இருந்தும் ரேடியேட்டருக்குள் குறைந்திருக்கலாம், ஆகவே ஆறிய பிறகு மூடியைத் திறந்து உள்ளேயும் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது, அது எங்கே போனது என்று தேட வேண்டும். பக்கத்து சீட்டின் கால்மிதி ஈரமாக இருந்து, உள்ளே இனிப்பு வாசனையும் வந்து, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அப்போது மெக்கானிக் சொன்னது சரி.

2000-க்குப் பிறகு வந்த எந்த பெட்ரோல் காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே எஞ்சின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு ஆப் போட்டால் கூலன்ட் வெப்பநிலை எண்ணாகவே தெரியும். இது ஏன் முக்கியம் என்றால், டேஷ்போர்டு முள் உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் பல கம்பெனிகள் அதை அமைத்திருக்கின்றன. அதையும் மீறி முள் கீழே இறங்குகிறது என்றால் எஞ்சின் நிஜமாகவே குளிர்ந்திருக்கிறது. புதிய சின்ன கார்கள் சிலவற்றில் முள்ளே கிடையாது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை ஒரு நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். எஞ்சின் அறுபது, எழுபது டிகிரியிலேயே நின்றாலும் அந்த விளக்கு அணைந்துவிடலாம், நமக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சாவியை மட்டும் திருப்பி இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ட் வெப்பநிலை, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலை. ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சாரிலோ வயரிலோ தொடர்பு அறுந்திருக்கிறது, தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டும் ஒத்துப்போனால் வண்டியை எடுத்து ஹைவேயில் ஓட்டுங்கள். வீட்டு வாசலில் ஐடிலில் (வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓட) நிற்கவிட்டுப் பார்ப்பது பயன்படாது, கடும் குளிரில் நல்ல எஞ்சினே ஐடிலில் சூடாக ரொம்ப நேரம் எடுக்கும். கால்மணி, இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் எண் 70-ஐத் தாண்டாமல் வேகத்தோடு இறங்குகிறது என்றால் முடிந்தது கதை, தெர்மோஸ்டாட்தான். செக் எஞ்சின் விளக்கு எரிந்து பி0128 என்ற கோட் வந்திருந்தால், இவ்வளவு நேரத்தில் வர வேண்டிய சூடு வரவில்லை என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆனால் கூலன்ட் குறைந்தாலும் அதே கோட் வரும், கோட்டை மட்டும் நம்பிப் பாகத்தை மாற்றிவிடாதீர்கள்.

"ஹீட்டர்தானே, ஜாக்கெட் போட்டு ஓட்டிக்கலாம்" என்று சிலர் கமென்ட்டில் எழுதியிருந்தார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன் கண்ணாடியில் பனி உருகுவதே அந்தச் சூட்டில்தான். பனி கொட்டும்போது ஹைவேயில் கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொண்டால் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது. எஞ்சினுக்கும் கேடுதான். குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும், செலவு ஏறும், எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் ஒன்று. காரில் குளிர்கிறது என்று பஞ்சடைத்த தடி ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் உட்கார வைத்துப் பட்டியைப் போடாதீர்கள். மோதும்போது ஜாக்கெட் அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும். பட்டியைப் போட்டுவிட்டு மேலே போர்வையால் மூடுங்கள்.

கமென்ட்டில் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு:

ரேடியேட்டர் முன்னால் அட்டை வைக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: பழைய டிரக் ஓட்டுநர்கள் செய்வதுதான், ஆனால் அது தெர்மோஸ்டாட்டுக்கு மாற்று இல்லை. வெயில் அடித்த நாளில் எடுக்க மறந்தால் எஞ்சின் கொதித்துவிடும். புது வண்டிகளில் முன்பக்கம் ரேடார், சென்சார் எல்லாம் இருப்பதால் அவையும் மறைந்துபோகும். பாகத்தை மாற்றிவிடுங்கள்.

ஆயில் மூடியின் உள்ளே மோர் மாதிரி வெள்ளையாக இருக்கிறது என்று பயந்த அக்காவுக்கு: தினமும் ஐந்து நிமிட ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில் குளிர்காலத்தில் ஈரம் ஆவியாகாமல் மூடியில் அப்படிப் படியும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்குள் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். புகைக்குழாயில் வெள்ளை ஆவி வருவதும் இந்தக் குளிரில் எல்லா வண்டிக்கும் சாதாரணம்.

தானே மாற்ற நினைப்பவர்களுக்கு: பல நான்கு சிலிண்டர் வண்டிகளில் இது கடினமான வேலை இல்லை. அதே வெப்பநிலை குறித்த தெர்மோஸ்டாட்தான் வேண்டும், குறைந்த டிகிரி போடாதீர்கள். ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள், கூலன்ட் ஊற்றிய பின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். ஏற்கனவே கலந்த 50/50 கூலன்ட் வாங்கினால் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது, அது அப்படியே சுமார் மைனஸ் 37 வரை தாங்கும். நிறத்தைப் பார்த்து வாங்காமல் வண்டி புத்தகத்தில் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். வடித்த பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் கடும் விஷம், குழந்தையோ நாயோ நக்கும்படி திறந்து வைக்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். சோதனை ஓட்டத்துக்காகக்கூட மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் வேண்டாம், வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

கடையில் கொடுப்பவர்கள் கவனிக்க: ஒன்டாரியோவில் ரிப்பேர் கடை முதலில் எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும், வேண்டாம் என்று நீங்களே சொன்னால் தவிர. கடைசி பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. போட்ட பாகத்துக்கும் வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது, அதை வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய தெர்மோஸ்டாட் கையில் வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஆறிய நிலையில் அது இறுக மூடியிருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் அதுதான் உங்கள் ஹீட்டரைக் கெடுத்தது.

இன்னும் குளிரான வின்னிபெக், எட்மன்டன் பக்கம் போகிறவர்கள் பிளாக் ஹீட்டர் (நிற்கும் வண்டியின் எஞ்சினைக் கரண்டில் சூடாக்கும் கருவி) பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எஞ்சின் காலையில் சிரமமில்லாமல் ஸ்டார்ட் ஆகத்தான், ஓடும்போது சூட்டைக் காப்பது அதன் வேலை இல்லை. ஒயரைச் செருகி ராத்திரி முழுக்க விட வேண்டியதில்லை, டைமர் போட்டு கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்னால் ஓடினால் போதும்.

இன்னும் கார் வாங்காதவர்களுக்கு: பழைய வண்டி பார்க்கப் போகும்போது, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். அப்புறம் உங்கள் ஓபிடி கருவியைச் செருகி, ஹைவேயில் ஒரு சுற்று ஓட்டி, எண் 85-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.