பெல்ட், டிராக், செயின்: மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

டிசம்பர் விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோ செல்லும் நம் சிங்கப்பூர்ப் பயணக் குழுவுக்காகப் பனியுந்து (ஸ்னோமொபைல்) கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சிக்கல் பழுதுபார்க்கும் பக்கத்தில்தான்.

இந்த வண்டியில் வளையமாகச் சுற்றுபவை மூன்று. எஞ்சினோடு சேர்ந்த இரண்டு கிளட்சுகளுக்கு நடுவே ஓடும் ரப்பர் பெல்ட். வண்டிக்கு அடியில் பனியைக் கவ்வித் தள்ளும் அகலமான டிராக். எண்ணெயில் ஊறியபடி பெட்டிக்குள் ஓடும் செயின். கைக்கு வந்த பழைய வரைவில் முதல் இரண்டும் ‘பட்டை’. ‘பட்டை அறுந்தால் உதிரிப் பட்டையை மாட்டவும்’ என்று இருக்கிறது. உதிரி பெல்ட்டை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். டிராக்கை நடுவழியில் யார் மாற்றுவது? பெல்ட்டுக்கு ‘வார்’, டிராக்குக்கு ‘ஊர்பட்டை’ என்று நினைக்கிறேன். சொல்லுங்கள்.

பீஷானிலிருந்து

*

அக்கா, எங்கள் பட்டறையில் மண் தோண்டும் வண்டிக்கு அடியில் ஓடுவதைச் ‘செயின்’ என்றுதான் சொல்வோம். தமிழ் ஊழியர்கள் யாரைக் கேட்டாலும் அதுதான். ஆனால் பனியுந்துக்குள் நிஜமாகவே ஒரு செயின் இருப்பதால் இங்கே அது ஆகாது.

பெல்ட் போனால் ரப்பர் கருகும் வாடை வரும், எஞ்சின் உறுமும், வண்டி நகராது. எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, கிளட்சில் சிக்கிய நூல் பிசிறுகளை எல்லாம் எடுத்த பிறகுதான் புதியதைப் போடவேண்டும். டிராக் தளர்ந்தால் பல்சக்கரத்தின் மேல் ஏறித் தாவித் தடதடக்கும். இரண்டும் வேறு வேறு நோய், பெயரும் வேறாக இருக்கட்டும்.

துவாஸிலிருந்து

*

அன்புடையீர்,

வார் தவறில்லை. ஆனால் அதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் உண்டு. முரசுகட்டிலில் உறங்கிய சங்கப் புலவர் மோசிகீரனார் அந்த முரசை ‘மாசற விசித்த வார்புறு வள்பின்’ என்கிறார். இழுத்துக் கட்டிய தோல்வாரே வள்பு. இரண்டு கப்பிகளுக்கிடையே விசித்து நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

ஊர்பட்டை வினைத்தொகை: ஊர்ந்த, ஊர்கின்ற, ஊரும் பட்டை. ஒற்று மிகாது. ‘ஊர்ப்பட்டை’ என்று எழுதினால் ஊருக்குச் சொந்தமான பட்டை ஆகிவிடும்.

இன்னொன்று. பனியுந்து என்பதே எனக்கு உறுத்துகிறது. முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்தவர்கள் கண்ட பனி புல்நுனியில் இருந்தது. இந்த வண்டி ஓடுவது வெண்பனியில்.

தோ பாயோவிலிருந்து

*

ஐயா, மன்னிக்கவும். உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகன் இந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு குளிரில் நிற்கப்போகிறான். வள்பு என்றால் அவனுக்கு என்ன தெரியும்? பெல்ட் என்றே போடுங்கள். ‘பெருவிரைவு ரயில்’ என்னும்போது ரயிலை அப்படியே விட்டுவைத்தோமே, தமிழ் குறைந்துபோயிற்றா?

பொங்கோலிலிருந்து

*

பொங்கோல் தங்கை சொல்வது நியாயம். ஆனால் எல்லாவற்றையும் அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. 1937-இல் கியூபெக்கில் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே காப்புரிமை பெற்றதே இந்த டிராக்கையும் பல்சக்கரத்தையும் சேர்த்த அமைப்புக்குத்தான். வண்டியின் உயிர் அதில் இருக்கிறது. அதற்கு ஒரு தமிழ்ச்சொல் இருந்தே ஆகவேண்டும். ஊர்தி என்ற சொல்லை அறிந்த பிள்ளைக்கு ஊர்பட்டை புரியும்.

ஆகவே பெல்ட், ஊர்பட்டை, சங்கிலி. வாருக்கும் வள்புக்கும் இம்முறை இடமில்லை. படத்தில் மூன்றையும் அம்புக்குறி போட்டுக் காட்டிவிடுகிறேன்.

பீஷானிலிருந்து

*

அக்கா, ஊர்பட்டைக்கு உட்புறம், அது உரசி ஓடும் தண்டவாளத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டி இருக்கும். தெறிக்கும் பனிதான் அதைக் குளிர்விக்கும். வெறும் பனிக்கட்டிச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டினால் உருகிவிடும். அதற்கும் பெயர் வைக்கவேண்டுமே?

துவாஸிலிருந்து

*

அதற்குச் ‘சறுக்குப்பட்டி’ போதும். ஊர்பட்டையில் ஒற்றுப் போடவேண்டாம் என்று அச்சகத்தாரிடம் மறக்காமல் சொல்லுங்கள், திருத்துகிறோம் என்று போட்டுவிடுவார்கள். பெல்ட்டை நான் ஏற்கவில்லை. பனியுந்தையும்.

தோ பாயோவிலிருந்து