பல்லாவரம் சந்தையில் வாங்கிய தேக்கு நாற்காலி: சுரண்டலாமா, வேண்டாமா?

குரோம்பேட்டைக்காரன்:
போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் கைவைத்த நாற்காலி ஒன்று வாங்கினேன். 2,200 சொன்னார், 1,600க்குப் படிந்தது. தேக்குதான், தூக்கும்போதே தெரிகிறது. கைப்பிடி கறுத்துப் பிசுபிசுக்கிறது. பிரம்புப் பின்னல் நடுவில் தொய்ந்திருக்கிறது. முன்னங்கால் இரண்டிலும் யாரோ நீல பெயின்ட் அடித்துவைத்திருக்கிறார்கள். மெஷின் வைத்து மொத்தமும் தேய்த்து வெறும் மரமாக்கி, பியு (பாலியூரித்தேன் வார்னிஷ்) அடித்து, பிரம்பை அறுத்துப் போட்டுவிட்டு ப்ளைவுட், ஃபோம், ரெக்சின் போடலாம் என்றிருக்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்தானே?

பழைய மாம்பலம்:
தம்பி, மெஷினைக் கீழே வையுங்கள். முதலில் பஞ்சை ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், நனைத்து, சீட்டுக்கு அடியில் கண்ணில் படாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பழுப்பாகி ஒட்ட ஆரம்பித்தால் அது அரக்கு, நாம் பிரெஞ்ச் பாலிஷ் என்பது. புதிதாகப் பூசும் அரக்கில் இருக்கிற ஸ்பிரிட் பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து, இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் சுரண்டவே வேண்டியதில்லை. அந்தப் பிசுபிசுப்பும் பாலிஷ் இல்லை, முக்கால்வாசி யாரோ ஒருவருடைய வியர்வையும் தலை எண்ணெயும். டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தால் அழுக்கு மட்டும் வரும், அரக்கு கரையாது. வருடக்கணக்கில் ஏறிய நிறம் 80 நம்பர் உப்புத்தாளுக்குப் பத்து நிமிடம் தாங்காது.

ஓ.எம்.ஆர். வாசி:
சார், நீங்கள் நாற்காலியைப் பார்ப்பதற்கு வாங்குகிறீர்களா, உட்காரவா? என் அத்தை வீட்டு டேபிளில் அரக்கு பாலிஷ்தான். சூடாக டபரா வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். கொரோனா சமயத்தில் சானிடைசர் நாலு சொட்டு சிந்தியது, அந்த இடம் கரைந்தே போய்விட்டது. பியு என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

பழைய மாம்பலம்:
வட்டம் விழுந்தால் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒரு இழுப்பு, பெரும்பாலும் போய்விடும். பியுவில் ஆழமாகக் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் பூசினால் திட்டாகத் தெரியும். அந்தப் பக்கம் முழுக்கத் தேய்த்து அடிக்க வேண்டும். டேபிளுக்குப் பியு போடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. நாற்காலி மேல் யாராவது டபரா வைப்பார்களா?

ஓ.எம்.ஆர். வாசி:
எங்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

பாலிஷ்காரர் மகள்:
என் அப்பா 30 வருடம் பாலிஷ் வேலை பார்த்தவர். அவர் விரல் நுனி கடைசிவரை பழுப்பாகவே இருந்தது. ‘இரண்டு ஞாயிற்றுக்கிழமை’ என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

அரக்கா பியுவா என்பது இருக்கட்டும். அண்ணா, அந்த நீல பெயின்ட்டை மெஷினால் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்தது என்றால் ஈயம் இருக்கலாம். காய்ந்த தூளாக அது வீடு முழுக்கப் பறக்கக் கூடாது, அதுவும் குழந்தை இருக்கிற வீட்டில். நனைத்து, கையால், வாசலில் வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு எடுங்கள்.

அடுத்தது, இப்போது ஐப்பசி. காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு டப்பா கலக்கும் பியுவில், இறுகுவதற்காகச் சேர்க்கும் ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்து பொரிப்பொரியாகக் கொப்பளிக்கும். மழை நாளில் அப்பா வேலைக்கே போக மாட்டார். எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை இரண்டுமே கடன் மாதம்.

பிரம்பை அறுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அது உங்கள் நாற்காலி. ஒன்று மட்டும்: கையால் பின்னியது என்றால் சட்டத்தைச் சுற்றி வரிசையாக ஓட்டை இருக்கும். அந்த வரிசையில் ப்ளைவுட்டை வைத்து ஆணி அடித்தால் சட்டம் நீளவாக்கில் பிளந்துகொள்ளும்.

குரோம்பேட்டைக்காரன்:
ஈயம் பற்றி யோசிக்கவே இல்லை. நன்றி, மேடம். ஆனால் பிரம்பு பின்னுகிறவர் 2,500 கேட்கிறார். நாற்காலியே 1,600!

ஓ.எம்.ஆர். வாசி:
அதைத்தான் சொல்கிறேன். ஆணியே வேண்டாம், பிரம்பு மேல் ஒரு கனமான குஷன் போடுங்கள், தீர்ந்தது.

பழைய மாம்பலம்:
தொய்ந்த பிரம்பு மேல் குஷன் போட்டால் ஒரு நாள் குஷனோடு உள்ளே இறங்குவார். ரெக்சினில் மே மாதம் ஏசி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், எழுந்திருக்கும்போது சட்டை கூடவே வராது. இந்த ஊரில் பழைய ஆபீஸ் நாற்காலிகளுக்கெல்லாம் பிரம்பு போட்டது அழகுக்கா? காற்று போகத்தான். ராத்திரி சீட்டுக்கு அடிப்பக்கம் வெந்நீர்த் துணியைப் பரப்பி நன்றாக நனையவிட்டு, அப்புறம் நிழலில் காயவிடுங்கள். இழை அறாமல் இருந்தால் இறுகும். அதற்கு 2,500 வேண்டாம்.

குரோம்பேட்டைக்காரன்:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன். பஞ்சு பழுப்பாகத்தான் வந்தது, அரக்கு. இடது கைப்பிடியை மட்டும் டர்பன்டைனால் துடைத்தேன், துணி கறுத்துப்போனது, உள்ளே செம்மண் மாதிரி ஒரு நிறம். மெஷினைத் தங்கை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிரம்பு பாதி இறுகியது. ஆனால் வலது ஓரத்தில் மூன்று இழை அறுந்திருக்கிறது, அதனால் பின்னுகிறவரிடம் போகாமல் தீராது. 2,000க்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். பாலிஷ் தை பிறந்த பிறகு.

ஓ.எம்.ஆர். வாசி:
அதுவரை எதில் உட்காருவீர்கள்?

குரோம்பேட்டைக்காரன்:
பிளாஸ்டிக் நாற்காலியில்தான். டபராவும் அதன் மேல்தான் இருக்கிறது.