மறு: ஒரு ஸ்லைடு திரையில் நிற்கும் நேரத்துக்கு என்ன சொல்?

வணக்கம் நண்பர்களே,

சொல் கேட்டவன் நான்தான். எதற்காகக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனிமேஷனின் தொடக்ககால வரலாற்றைப் பற்றி ஒரு பேச்சு தயாரிக்கிறேன். 2003இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சகுச்சா முறை: 20 படவில்லைகள் (ஸ்லைடுகள்), ஒவ்வொன்றுக்கும் 20 நொடி, மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. வில்லை தானாக நகர்ந்துவிடும், பேசுபவர் கெஞ்சினாலும் நிற்காது. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது முதல் வில்லையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் திரையில் நான்காவது வந்துவிட்டது.

அந்த 20 நொடிக்குத்தான் பெயர் வேண்டும். வந்த யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> காட்சிநேரம் என்று சொல்லலாமே.

சினிமா தியேட்டர் வாசலில் எழுதியிருப்பதும் காட்சி நேரம்தான். அது தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம் அல்ல.

> கால அளவு போதும்.

முழுப் பேச்சுக்கா, ஒரு வில்லைக்கா என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும்.

> நம்மிடம் ஏற்கெனவே மாத்திரை இருக்கிறது.

இதை விட மனமே வரவில்லை, ஐயா. இலக்கணத்தில் கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. 1832இல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ செய்த சுழல்தட்டும் கண்ணிமை வேலையைத்தான் செய்தது. தட்டைச் சுற்றிப் படங்கள், விளிம்பில் கீறல் போன்ற துளைகள். நிலைக்கண்ணாடி முன் பிடித்துச் சுழற்றித் துளை வழியே பார்த்தால் படம் அசையும். இரண்டு துளைகளுக்கு நடுவில் ஒரு கணம் இருட்டு. அந்த இருட்டு இல்லையென்றால் எல்லாம் கலங்கிப்போகும். இவ்வளவு பொருத்தம் இருந்தும் ஒரு சிக்கல்: வில்லை என்றாலும் மருந்து, மாத்திரை என்றாலும் மருந்து. "இந்த வில்லைக்கு எத்தனை மாத்திரை?" என்று கேட்டால் மருந்துக்கடைக்காரரே குழம்பிவிடுவார். (எட்டாவது படவில்லை கண்ணில் படவில்லை என்று எழுத நேரும் தொல்லை வேறு.)

என் பரிந்துரை: தங்குநேரம்.

இந்தச் சொல் எமீல் ரெய்னோவைப் படித்தபோது தோன்றியது. 1892 அக்டோபர் 28 அன்று பாரிஸின் கிரெவான் அருங்காட்சியகத்தில் அவர் வரைபடங்களைத் திரையில் ஓடவிட்டார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிப் படம் காட்டியதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. அவற்றில் ஒரு கதைக்குச் சுமார் 500 படங்கள். நொடிக்கு 16 என்று ஓட்டினால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அவர் கால் மணி நேரம் காட்டினார்! படச்சுருளைக் கையால் சுழற்றியதால், வேண்டிய இடத்தில் நிறுத்தினார், பின்னோக்கி ஓட்டினார், மறுபடி முன்னோக்கி. எந்தப் படம் எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்பது முழுக்க அவர் கையில்.

1914இல் வின்சர் மெக்கேயின் நிலைமை நேர் எதிர். மேடையில் சாட்டையோடு நின்று, தான் வரைந்த கெர்ட்டி என்ற டைனோசருக்குக் கட்டளையிடுவார், அது திரையில் கீழ்ப்படியும். உண்மையில் கீழ்ப்படிந்தது மெக்கேதான். புரொஜக்டர் யாருக்காகவும் காத்திருக்காது, அதன் வேகத்துக்கு அவர் பேசி முடிக்க வேண்டும். என் ஒத்திகையும் அந்தக் கதைதான்.

ஆகவே நேரத்தைக் கை தீர்மானித்தாலும் இயந்திரம் தீர்மானித்தாலும் பொருந்துகிற சொல்லாக இருக்க வேண்டும். தங்குநேரம் பொருந்துகிறது. வினைத்தொகை என்பதால் தங்கிய, தங்குகிற, தங்கும் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அன்புடன்.

---

மறுமொழி:

தங்குநேரம் என்றால் விடுதியில் அறை எடுத்தது போல ஒலிக்கிறதே? போகட்டும், பழகிவிடும். ஓர் ஐயம்: வில்லைக்குச் சரி, அனிமேஷனில் ஒரு வரைபடத்தை இரண்டு பிரேமுக்கு (படச்சுருளின் இரண்டு கட்டங்களுக்கு) அப்படியே வைத்திருப்பார்களே, அதற்கும் இதுவேதானா?

---

மறுமொழி:

விடுதி ஒலி எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா, நேரம் முடிந்தால் அறையைக் காலி செய்துதான் ஆக வேண்டும்.

பிரேமுக்கும் இதையே வைக்கலாம். 1908இல் பிரான்சின் எமீல் கோல் எடுத்த அனிமேஷன் படத்தில் ஏறத்தாழ 700 வரைபடங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை படம்பிடித்தார். "தங்குநேரம் இரண்டு பிரேம்" என்றால் தெளிவாகவே இருக்கிறது. தானாக நகர்வதற்குத் தனிச்சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன். தன்னகர்வு என்று எழுதிப் பார்த்தேன், தன் அகர்வா என்று வீட்டில் கேட்டார்கள்.

அப்புறம், கோலால் எனக்கு இன்னொரு லாபம். மெக்கேக்கு 20 நொடி எப்படியும் போதாது. முதல் வில்லையைத் தூக்கிவிட்டு, கோல் செய்தது போலவே ஒரே படத்தை இரண்டு முறை, அதாவது கெர்ட்டியின் படத்தை 14, 15 இரண்டிலும் வைத்துவிட்டேன்.