தலைப்பு: புரோட்டிஜே (ஆன்டாலஜி எழுதும் மென்பொருள்) - பசு தாவர உண்ணிக்குள் வரவே மாட்டேன் என்கிறது, அவசரம்

சிட்டு: நாளைக் காலை ரிவ்யூ. விலங்கு ஆன்டாலஜி, அதாவது விலங்கு வகைகளையும் அவற்றின் உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதிய தொகுப்பு. தாவர உண்ணி வகுப்பில் "விலங்கு, உண்ணும் ஒன்லி தாவரம்" (தின்பதெல்லாம் தாவரம் மட்டுமே) என்று போட்டிருக்கிறேன். பசுவுக்கு "உண்ணும் சம் புல்" (ஏதாவது ஒரு புல்லையாவது தின்னும்). புல் தாவரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ரீசனரை (வகுப்புகளைத் தானாக வகைப்படுத்தும் நிரல்) ஓட்டினால் பசு விலங்குக்குக் கீழேயே நிற்கிறது. எர்ரரும் இல்லை.

மேசைவிளக்கு: எந்த ரீசனர்? தாவர உண்ணியின் நிபந்தனையை ஈக்விவலன்ட் டுவில் (முழு வரையறை) போட்டீர்களா, சப்கிளாஸ் ஆஃபிலா (தேவையான நிபந்தனை மட்டும்)? பின்னதில் போட்டால் எதையும் தானாக உள்ளே இழுக்காது.

கடலோடி: ரீசனரை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். எனக்கு எப்போதும் அதுதான் பிரச்சினை.

பழைய_லிஸ்ப்: தம்பி, கேட்பதற்கு முன் கொஞ்சம் படிக்கலாமே. வரையறுத்த வகுப்பு எது, வரையறுக்காதது எது என்று பிராக்மனும் ஷ்மோல்ஸும் 1985-லேயே கேஎல்-ஒன் என்ற அறிவுக் குறிப்பு அமைப்பு பற்றிய கட்டுரையில் எழுதிவிட்டார்கள்.

சிட்டு: ஈக்விவலன்ட் டுதான் அண்ணா. ரீசனர் எல்க். வேகமாக ஓடும் என்று சீனியர் சொன்னார்.

மேசைவிளக்கு: பாதிச் சிக்கல் அங்கேதான். எல்க், இஎல் என்ற குறைந்த வசதிகள் கொண்ட ஆன்டாலஜி மொழி வகைக்கானது, அதில் "ஒன்லி" கிடையாது. லாக்கில் எச்சரிக்கை வந்திருக்கும், பாருங்கள். "ஒன்லி" புரியும் ஹெர்மிட் ரீசனருக்கு மாறுங்கள். மாறினாலும் பசு வராது. புல் தின்னும் என்றீர்கள், வேறெதுவும் தின்னாது என்று எங்கே சொன்னீர்கள்? சொல்லாததை இல்லை என்று ரீசனர் எடுத்துக்கொள்ளாது. பசுவில் "உண்ணும் ஒன்லி புல்" என்று இன்னொரு வரி சேருங்கள். "சம்" வரியும் இருக்கட்டும். "ஒன்லி" மட்டும் இருந்தால் எதையுமே தின்னாத மாடும் பொருந்திவிடும்.

கடலோடி: இதற்குத்தான் புரோலாக் நிரல்மொழி என்கிறேன். சொல்லாதது பொய், கதை முடிந்தது.

பழைய_லிஸ்ப்: நோயாளியின் பதிவில் அலர்ஜி பற்றி எழுதவில்லை என்றால் அலர்ஜியே இல்லை என்று ஊசி போடுவீர்களா?

கடலோடி: டைம்டேபிளில் இல்லாத ரயிலுக்காக நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பீர்களா?

பழைய_லிஸ்ப்: டைம்டேபிள் முழுசு என்று ரயில்வே பொறுப்பேற்கிறது. ஆன்டாலஜிக்கு யார் பொறுப்பு? அப்புறம், எல்க்கையும் குறைத்துப் பேச வேண்டாம். ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொல்தொகுப்பு அளவுக்கு லட்சக்கணக்கான கருத்துகள் இருந்தால் ஹெர்மிட் திணறிவிடும்.

மேசைவிளக்கு: யாரும் குறைக்கவில்லை. இருவரும் தனி இழை தொடங்குங்களேன்.

சிட்டு: ஹெர்மிட்டில் பசு வந்துவிட்டது. ஆடு மட்டும் சிவப்பாகி நத்திங்குக்குக் (எதுவுமே இருக்க முடியாத வகுப்பு) கீழே போய்விட்டது. புல், செடி இரண்டையும் டிஸ்ஜாயின்ட் (ஒன்று மற்றொன்றாக இருக்காது) என்று போட்டிருக்கிறேன். அதற்குப் புல், செடி என்று இரண்டு "சம்". ஒவ்வொன்றுக்கும் தனித்தனி "ஒன்லி" போட்டேன்.

மேசைவிளக்கு: தனித்தனியாகப் போட்டால், தின்பதெல்லாம் புல்லாகவும் செடியாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்றாகிவிடும். டிஸ்ஜாயின்ட் என்பதால் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. ஒரே "ஒன்லி", அடைப்புக்குறிக்குள் "புல் ஆர் செடி". செடியும் தாவரத்துக்குக் கீழேதானே இருக்கிறது?